கழுவக் கூடாத ஷூ

எங்கள் வீட்டில் கனம் இல்லாத பொருளை யாரும் நம்ப மாட்டார்கள். எவர்சில்வர் குடம் வாங்கப் போனால் அம்மா அதைத் தட்டிப் பார்ப்பதில்லை. கையில் தூக்கிக்கொண்டு சற்று நேரம் கண்ணை மூடி நிற்பாள். பூட்டு வாங்கினாலும் தேங்காய் வாங்கினாலும் அதே சோதனைதான். அப்பாவுக்குத் துறைமுகத்தில் சரக்கு தூக்குகிற இரும்பு வடங்களைப் பின்னும் வேலை. லேசான வடம் ஆளைக் கொன்றுவிடும் என்பது அவருடைய தீர்மானம். இதையெல்லாம் கேட்டு வளர்ந்ததால், லேசாக இருக்கும் எதற்கும் உள்ளே ஏதோ ஒரு குறை உண்டு என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அத்தை அந்த ஷூவைக் கொண்டுவந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. தண்டையார்பேட்டையில் இருந்தாள். மாதவரம் பக்கம் ஏற்றுமதிக்கு ஷூ செய்கிற கம்பெனி ஒன்றில், அடிப்பாகத்தை மேல்பாகத்தோடு ஒட்டுகிற பசைப் பிரிவில் வேலை பார்த்தாள். அவளுடைய விரல் நுனிகளில் காய்ந்த பசை இன்னொரு தோல் போலப் படிந்திருக்கும். பேசிக்கொண்டே அதை உரிப்பாள். உரித்ததைத் தரையில் போடாமல் முந்தானையில் முடிந்துகொள்வாள். சாயங்காலமானால் தலைவலி வந்துவிடும். ஒருமுறை எங்கள் வீட்டு அடுப்பில் பால் தீய்ந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அத்தைக்கு அந்த வாசனை தெரியவில்லை. வேண்டுமென்றேதான் பேசாமல் இருந்தாள் என்று அவள் போனபிறகு அம்மா சொன்னாள்.

ஆனால் சந்தேகம் ஷூவோடு தொடங்கவில்லை. அதற்கு முந்தைய வாரம் அத்தை வந்ததும் வராததுமாக என்னை நாற்காலியில் உட்காரவைத்தாள். கைப்பையிலிருந்து கோடு போட்ட மரப்பலகை ஒன்றை எடுத்து, அதன்மேல் என் பாதத்தை அழுத்திவைத்து, குதிகாலிலிருந்து கட்டைவிரல்வரை அளந்தாள். பிறகு நாடாவைச் சுற்றி அகலத்தையும் அளந்தாள். “அளவெடுத்து செஞ்சா மாதிரி கீது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போய்விட்டாள்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. அத்தைக்கு ஒரு மகன் இருந்தான். என்னைவிட மூத்தவன், பத்தாம் வகுப்பில் தோற்றுவிட்டுக் கேரம் போர்டே கதி என்று கிடந்தவன். எனக்கு முறைப்பையன். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க அம்மாவுக்கு நேரம் பிடிக்கவில்லை.

“காலுக்கு அளவெடுத்துகினு போறா. நாளிக்கி கொலுசோட வந்து நிப்பா. அப்பால எம்பையனுக்குப் பொண்ணக் குடுன்னு கேப்பா.”

“ஏழாவது படிக்கிற பொண்ணுக்கு இன்னாமே கொலுசு?” என்றார் அப்பா.

“அதான்யா சொல்றேன். பஸ்ஸு கெளம்பறதுக்கு முன்னாடியே துண்டு போட்டு வெக்கிறா உன் தங்கச்சி.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது கொலுசு அல்ல, ஓடுவதற்கான ஷூ. மேல்பாகம் கொசுவலை போன்ற துணி. அடிப்பாகம் பஞ்சுபோல அமுங்கும் வெள்ளை ரப்பர். நிறம் சாம்பலா வெளிர்நீலமா என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நான் சாம்பல் என்றே எழுதுகிறேன். அம்மா வழக்கம்போல ஒன்றைத் தூக்கினாள். பள்ளிக்கூட ஷூவின் கனத்துக்குத் தயாராக இருந்த கை, சட்டென்று தோள்வரைக்கும் மேலே போய்விட்டது. அம்மாவின் முகம் மாறியது. உள்ளே கையை விட்டுத் துழாவினாள்.

“இன்னாமே இது? உள்ள ஒண்ணுமே இல்ல?”

“அதான் அண்ணி புது மாடலு. வெயிட்டே இருக்காது. வெளிநாட்டுல ஓடறவங்க இதான் கேக்கிறாங்களாம்.”

“வெயிட்டு இல்லாத பொருளுக்குத் துட்டு குடுத்து வாங்குறானா? நல்லா ஏமாத்துறீங்கமே.”

பிறகு அத்தை விவரம் சொன்னாள். கம்பெனி ஒரு புதுப் பசையை முயன்று பார்க்கிறது. ஒட்டிய ஷூவை யாராவது உண்மையாகவே போட்டு ஓடிப் பார்க்க வேண்டும். மாதிரிக்கென்று அவர்கள் செய்வது ஒரே ஓர் அளவுதான். அந்த அளவில் கால் உள்ள, தினமும் ஓடுகிற ஒரு பெண் வேண்டும் என்று சூப்பர்வைசர் கேட்டபோது, பள்ளிக்கூடத்தில் வெறுங்காலோடு ஓடி முதலாவதாக வந்த என் ஞாபகம் அத்தைக்கு வந்திருக்கிறது. நான் தினமும் ஓட வேண்டும். வேறு யாரும் காலை நுழைக்கக் கூடாது. தீபாவளிக்கு முன்னால் ஷூ திரும்பப் போய்விட வேண்டும். அதற்குமேல் அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

“கண்ணு, இத்த கய்வக் கூடாது. தைக்கவும் கூடாது. எங்கனா பிரிஞ்சா அப்டியே வுட்டுரணும். பிரிஞ்ச எடந்தான் அவுங்களுக்கு வோணும். ரம்பத்த வெச்சி ரெண்டா அறுத்துப் பாப்பாங்க. இது மட்டும் ஒய்ங்கா முடிஞ்சா என்னிய சாம்பிள் ரூமுக்கு மாத்திர்றேன்னு சொல்லிக்கீறாரு.”

சாம்பிள் ரூம் என்றால் புது மாடல்களை முதன்முதலில் வெட்டித் தைத்துப் பார்க்கிற அறை. அங்கே ஜன்னல் உண்டு, பசை கிடையாது என்றாள். அந்த ஜன்னலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் விரலை உரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை.

அம்மாவைப் பொறுத்தவரை, புத்தம்புது ஷூவை ரம்பத்தால் அறுக்கிற பைத்தியக்காரன் உலகத்தில் கிடையாது. திருப்பிக் கேட்பதெல்லாம் ஒரு பாவனை. கடைசியில் “நீயே வெச்சிக்கோடி மருமவளே” என்று ஒரு வார்த்தை வரும், அதோடு நாம் சிக்கிக்கொள்வோம். அப்பாவின் சந்தேகம் வேறு. அவர் தினமும் துறைமுக வாசலில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டிவிட்டு வெளியே வருகிறவர். ஒரு கம்பெனியிலிருந்து புது ஷூ சும்மா வெளியே வராது என்பது அவருக்குத் தெரியும்.

“கேட்டுல சீட்டு குடுத்தானா?”

அத்தை முத்திரை குத்திய ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அப்பா அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

“சீலு இன்னாத்துக்கு இவ்ளோ தெளிவா கீது? நெஜமான சீலு எங்கியாவது படிக்கிறா மாதிரி இருக்குமா?”

“அண்ணா, நான் இன்னா திருடிகினா வந்தேன்?” என்றாள் அத்தை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்பா சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் அந்த வாரம் முழுவதும் தெருமுனையில் யாராவது புதிதாக நின்றால் யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் ஒரு சந்தேகம் வேண்டாமா? கம்பெனிக்காரர்கள் ரகசியமாக ஆள்வைத்து என்னைக் கவனிக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். திருவொற்றியூரில் எங்கள் தெரு கடற்கரைச் சாலையில் போய் முடியும். அலை அரிக்காமலிருக்கக் கருங்கற்களைக் கொட்டியிருப்பார்கள். அந்தக் கல்வரிசையை ஒட்டிக் காலையில் ஓடுவேன். சைக்கிளில் ஐஸ்பெட்டி கட்டிக்கொண்டு ஓர் ஆள் தினமும் எதிரே வருவார், என் காலைப் பார்ப்பார், போய்விடுவார். இவர்தான் ஆள் என்று நினைத்து, அவர் தலை தெரிந்ததும் வேகத்தைக் கூட்டுவேன். அவர் மீன் எடுக்கக் காசிமேட்டுக்குப் போகிறவர் என்பது பெட்டியைப் பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டும். அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்: வேடம்.

அந்த ஷூவோடு ஓடியது எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் நாள் நான் மூன்று முறை நின்று குனிந்து பார்த்தேன், அது காலில்தான் இருக்கிறதா, கழன்று விழுந்துவிட்டதா என்று. பள்ளிக்கூட ஷூவில் ஓடினால் ஒவ்வொரு அடியிலும் பூமி நம்மைப் பிடித்து இழுக்கும். வெறுங்காலில் ஓடினால் கண் முழுக்கத் தரையிலேயே இருக்க வேண்டும். கண்ணாடிச் சில்லு, நண்டு ஓடு, முள். இதில் இரண்டும் இல்லை. எதிரே வருகிற லாரியை, மணலியின் புகைபோக்கிகளை, கடலில் வரிசையாகக் காத்து நிற்கிற கப்பல்களைப் பார்த்துக்கொண்டே ஓடலாம். அதுவரை ஓடும்போது நான் கடலைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இவ்வளவு நன்றாக இருக்கிற ஒன்றை யாராவது சும்மா கொடுப்பார்களா என்று சந்தேகம் இன்னும் கெட்டியானது.

அத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஷூவை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். எங்கே கடிக்கிறது, எங்கே அழுத்துகிறது, உள்ளே ஈரம் நிற்கிறதா. நான் எல்லாவற்றுக்கும் நன்றாக இருக்கிறது என்றே சொன்னேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. அத்தைக்கு அது போதவில்லை.

“கொறை எதனா சொல்லுடி. எல்லாம் நல்லா கீதுன்னா அவன் எப்டி நம்புவான்?”

கொடுத்த பொருளில் குறை சொல்லச் சொல்லிக் கெஞ்சுகிற ஓர் ஆளை அம்மா அதுவரை பார்த்ததில்லை. சமையலறையிலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

மழை தொடங்கியது. கல்வரிசையைத் தாண்டி அலைத்தண்ணீர் சாலைக்கு வந்து தேங்கும். ஒரு காலை அதில் ஓடிவிட்டுத் திரும்பும்போது இடதுகால் தரையில் பட்டுப் பட்டுச் சத்தம் போட்டது. பார்த்தால், முன்பக்கம் கட்டைவிரலுக்குக் கீழே ஷூ வாயைத் திறந்திருந்தது. உள்ளே விரலை நுழைக்க முடிந்தது. வலதுகாலும் அதே இடத்தில் லேசாக விட்டிருந்தது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அப்பா சட்டைப் பித்தானைப் போடுவதை நிறுத்திவிட்டு ஷூவைக் கையில் வாங்கினார். அவர் முகத்தில் முதன்முறையாகச் சந்தேகம் இல்லை, பயம் இருந்தது.

“ஒட்டுனது அவ செக்ஷன்ல தானே?” என்றார்.

“அத்தை அப்படியே விடச் சொன்னாங்களே. பிரிஞ்ச இடந்தான் வேணுமாம்.”

“அவளுக்கு இன்னா தெரியும்? ஹார்பர்ல ஒரு பொட்டி ஒடஞ்சா எப்டி ஒடஞ்சிதுன்னு எவனும் கேக்க மாட்டான். யாரு ஒடச்சதுன்னு தான் கேப்பான். ‘பிரிஞ்சா கொண்டாந்து காட்டு’ன்றானாம், இவளும் நம்பிகினு வந்துக்கீறா. காட்டுனா அன்னிக்கே சீட்டக் கிழிச்சி அனுப்பிருவான்.”

அம்மா அப்பாவோடு ஒத்துப்போவது அபூர்வம். அன்று ஒத்துப்போனாள். அத்தையை அவளுக்குப் பிடிக்காது, ஆனால் அத்தைக்கு வேலை போவதும் பிடிக்காது. “நம்ம வூட்டுலருந்து போற பொருளு வந்தத வுட நல்லா போவணும். நாளிக்கி ஒரு சொல்லு வரக் கூடாது” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு ஓவர்டைம். வரவில்லை. அப்பா வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தார். காசிமேட்டிலிருந்து வாங்கிவந்த வலை பின்னுகிற நைலான் நரம்பு, தடித்த ஊசி, ஒரு சின்ன இடுக்கி. இரும்பு வடத்தின் புரிகளைப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று செலுத்திப் பின்னுகிற கை அது. ரப்பரில் ஊசி ஏறாமல் முரண்டியது. அப்பா ஊசியைச் சூடுகாட்டி ஏற்றினார். பிரிந்த இடத்தோடு நிறுத்தவில்லை. ஒரு பக்கம் மட்டும் தைத்தால் தையல் தெரியும் என்று இரண்டு ஷூவையும் சுற்றிலும் தைத்தார். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு. இடையில் ஒருமுறை, “எந்தங்கச்சி ஒட்டுனது பிரிஞ்சிதுன்னு எவனும் சொல்லக் கூடாது” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. நான் மட்டும்தான் பக்கத்தில் இருந்தேன்.

பிறகு அம்மாவின் முறை. சோப்புத்தூளில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். உப்புப் படிந்திருந்த இடமெல்லாம் பளிச்சென்று வந்தது. கயிறுகளை மட்டும் தனியாக நீலத்தில் முக்கி எடுத்தாள். தண்ணீர்த் தொட்டிமேல் காயவைத்து, உள்ளே பவுடர் தூவினாள். புதிதாக வந்தபோதுகூட அது அப்படி இருக்கவில்லை.

ஷூவை வாங்கிப்போக அத்தை வேலைநாள் ஒன்றில் வந்தாள். வந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. கம்பெனி வேன் அன்று எங்கள் பக்கமாக ஆள் ஏற்றிக்கொண்டு போனது. தேரடி நிறுத்தத்தில் அம்மா காத்திருந்து, வாயை இறுக்கிக் கட்டிய துணிப்பையை ஜன்னல் வழியாக நீட்டினாள். வெறும் பையாகக் கொடுக்கக் கூடாதென்று மேலே வேர்க்கடலை உருண்டைப் பொட்டலம் ஒன்றை வைத்திருந்தாள். பக்கத்தில் நின்ற என்னிடம் அத்தை குனிந்து, “பிரிஞ்சிதாடி?” என்று கேட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். வேன் கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்பது எனக்குச் சமீபத்தில்தான் தெரியவந்தது. சொன்னவர் அத்தை மகன். அத்தை என்னை ஒருநாளும் பெண் கேட்கவில்லை; மீஞ்சூரில் பெண் பார்த்து அவருக்குக் கட்டிவைத்தாள். அவருடைய மகளின் நிச்சயதார்த்தத்தில் பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தபோது, பழைய வேடிக்கைக் கதை ஒன்றைச் சொல்வதுபோலத்தான் இதைச் சொன்னார். அவருக்கு இது அத்தை வாயால் கேட்டது. எனக்கு அவர் வாயால். ஆகவே சில வார்த்தைகள் முன்பின்னாக இருக்கலாம்.

சூப்பர்வைசர் எல்லோர் எதிரிலும் மேசைமேல் வைத்துப் பையை அவிழ்த்திருக்கிறார். முதலில் கடலை உருண்டை வந்தது. அடுத்துப் பவுடர் மணக்க அந்த ஷூ. “இது ஓடுன ஷூவாம்மா, கல்யாணத்துக்குப் போற ஷூவா?” என்றாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள், அத்தையும் சிரித்திருக்கிறாள். பிறகு அவர் ஓரத்தைத் தடவிப் பார்த்தார், சுற்றிலும் தையல். சொன்னபடியே ரம்பத்தில் வைத்து இரண்டாக அறுத்தார்கள். பசை எங்கே எப்போது விட்டது, ஈரத்தாலா மடிப்பாலா என்று எதுவும் தெரியவில்லை. கழுவியதில் எல்லாம் போய்விட்டிருந்தது. அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஷூ பிரிந்திருக்கிறது, பசைப் பிரிவில் வேலை செய்கிற ஒருத்தி அதைத் தைத்து மறைத்திருக்கிறாள். யார் தைத்தது என்று கேட்டதற்கு அத்தை, நான்தான் என்று சொல்லியிருக்கிறாள்.

“எங்கப்பா பேர சொல்லிருக்கலாம்ல?” என்று கேட்டேன் நான்.

“நானும் அதான் கேட்டேன். எங்கண்ணன் தச்சதுன்னு சொன்னா அவன ஒரு வார்த்த சொல்லுவாங்க, நான் கேட்டுகினு நிக்கணுமான்னுச்சு” என்றார் அவர். சொல்லிவிட்டு, வெற்றிலை மென்றுகொண்டிருந்த யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டார்.

கம்பெனி மூடப்படும்வரை அத்தை பசைப் பிரிவிலேயே இருந்தாள்.

இது எதுவும் தெரியாத அந்தத் தீபாவளிக்குப் பிந்தைய ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. அத்தை வழக்கம்போல வந்தாள், சாப்பிட்டாள். ஷூவைப் பற்றி அவளாக ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் தொடங்கினாள்.

“இன்னாமே, சாம்பிள் ரூமுக்குப் போய்ட்டியா?”

“அங்க வேற ஆளப் போட்டுட்டாங்க அண்ணி.”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்போதே சொன்னேனே என்கிற பார்வை. அத்தை என் கன்னத்தைத் தடவியபோது விரலில் அதே பசை நாற்றம் அடித்தது. சாம்பிள் ரூம் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, ஜன்னல் உட்பட எல்லாமே கட்டுக்கதை என்று நான் கண்டுபிடித்துக்கொண்டேன். பெரியவர்களைப் போல ஒரு பொய்யைப் பிடித்துவிட்ட பெருமை அன்று எனக்கு இருந்தது.

அத்தை அப்பா பக்கம் திரும்பினாள்.

“அந்தத் தையலு நீ போட்டதாண்ணா?”

அப்பா மறுக்கப் பார்த்தார். முடியவில்லை. முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

“எப்டிமே கண்டுபுடிச்ச?”

“வேற யாரு போடுவா? ரம்பம் வெச்சிக்கூட நரம்பு அறுந்து குடுக்கலியே.”

“பின்ன? ஹார்பர் முடிச்சுமே அது.”

அப்பா உள்ளே போய் மிச்சமிருந்த நரம்பை எடுத்துவந்தார். பாயின் ஓரத்தை மடித்து, ஊசியை எந்தப் பக்கத்திலிருந்து ஏற்ற வேண்டும், எங்கே சுற்ற வேண்டும், முடிச்சு வெளியே தெரியாமல் எப்படி உள்ளே தள்ள வேண்டும் என்று அத்தைக்கு ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். ஒரு முடிச்சு சரியாக விழவில்லை என்று அவிழ்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அத்தை அவசரப்படவில்லை. அவர் முடிக்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு, “சோக்கா கீதுண்ணா” என்றாள். அத்தைக்குத் தையலில் இவ்வளவு ஆசையா என்று நான் ஆச்சரியப்பட்டேன்.